எடுக்கக் கூடாத போன்

விடிகாலையில் செல்போன் அடித்தால் அழகுமலை எடுக்கமாட்டார். எடுத்தால் அடித்தவனுக்குக் காசு போகும். போதாக்குறைக்கு அவன் பயந்தும் போவான். ஒரு மணியோ இரண்டு மணியோ அடித்து அதுவாக நிற்க வேண்டும். நின்றால் திருப்பூரின் ஏதோ ஒரு மூலையில் தனியாக இருக்கும் பட்டாளத்துக்காரர் ஒருவர் அன்றைக்கும் உயிரோடு எழுந்துவிட்டார் என்று பொருள்.

அந்தக் காலத்தில் பனியன் கம்பெனி கேட்டுகளில் செக்யூரிட்டியாக நின்றவர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். காஷ்மீரைக் காத்தவன் கடைசியில் ஜட்டி பனியனைக் காக்க வந்தான் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் மதுரை, நெல்லைப் பக்கத்து ஆட்கள். ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. காதர்பேட்டையில் தரத்தில் கழித்த செகண்ட்ஸ் பனியன் கடை வைத்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் மீரா சாகிப்தான் தலைவர். அவர் கடை மாடியில், சிப்பம் சிப்பமாகக் கட்டிப்போட்ட பனியன் மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் நடக்கும். பள்ளிக்கூட வாசலில் விசில் ஊதி லாரியை நிறுத்திப் பிள்ளைகளை ரோடு தாண்ட வைப்பது, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுப்பது, தண்ணீர் லாரி வந்தால் குடத்துக்குக் குடம் மோதிக்கொள்ளும் பெண்களை வரிசையில் நிறுத்தித் திட்டு வாங்குவது என்று அவர்களுக்கு ஓயாமல் வேலை இருந்தது. சங்கத்து ஆள் செத்தால் தொப்பி வைத்துக்கொண்டு போய்ச் சல்யூட் அடித்து வழியனுப்புவார்கள்.

அந்தச் சல்யூட்டுதான் ஒரு முறை தவறிப்போனது. கன்னையன் என்று சங்கத்து ஆள் ஒருவர், பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர், பொங்கலூர்க்காரர், தனியாக ஓர் அறையில் இருந்தார். தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். போனஸை வாங்கிக்கொண்டு ஊரே பஸ் ஏறிவிடும். சங்கத்து ஆட்களும் ஏறிவிட்டார்கள். கன்னையன் எந்த நாளில் செத்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. லீவு முடிந்து வந்த பக்கத்து அறைப் பையன்கள் வாடை தாங்காமல்தான் கதவை உடைத்தார்கள். சல்யூட் அடிக்க முகத்தைத் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அழகுமலை கொண்டுவந்த வழக்கம் இது. தனியாக இருக்கிற ஒவ்வொருவரும் விடிந்ததும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அது பட்டாளத்து ரோல்கால் மாதிரி. கால் வராவிட்டால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். மீரா சாகிப்புக்கு வீடு நிறைய ஆள் உண்டு. ஆனாலும் தலைவன் செய்யாததைச் சிப்பாய் செய்வானா என்று தொழுதுவிட்டு வந்ததும் அவரே முதல் மணி அடிப்பார்.

அழகுமலையும் தனி ஆள்தான். உசிலம்பட்டிப் பக்கம். ஹவில்தாராக வந்தவர். மனைவி ஒச்சம்மாள் ஒரு கம்பெனியில் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகியும் கட்டில் காலிலும் கதவிடுக்கிலும் அவள் சேலையில் ஒட்டி வந்த நூல் பிசிறு இன்னும் கிடந்தது. வீட்டை எவ்வளவு சுத்தமாகப் பெருக்கினாலும் அந்த மூலைகளுக்கு மட்டும் அவர் விளக்குமாற்றைக் கொண்டுபோக மாட்டார். ஒரே மகள் அனுசுயா பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காலையில் முதல் ஆளாகத் தெரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. அந்த நிறைவில்தான் அவர் ஒச்சம்மாள் இல்லாத வீட்டில் காப்பி போட்டுக் குடித்தார்.

இந்த வழக்கத்துக்கு மசியாத ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த இசக்கிமுத்து. ஓடாமல் நின்றுபோன ஒரு சாயப்பட்டறைக்கு, நொய்யல் கரையில், காவல் இருந்தார். காயப்போட்ட துணி கிடையாது, கொதிக்கிற அண்டா கிடையாது. வெறும் கேட்டும் அவரும்தான். மனைவி, பிள்ளை என்று யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. சங்கத்தில் எல்லோரும் செல்போன் வாங்கியபோது அவர் மட்டும் மறுத்துவிட்டார்.

"செத்தா செத்துட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு வே மணியடிக்கணும், கோயிலா நடத்துதோம்" என்று கேட்டார்.

ஆகவே எல்லோருடைய மணியும் வந்து நின்ற பிறகு, அழகுமலை பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு தினமும் அந்தச் சாயப்பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, "இருக்கியாப்பா?" என்று சத்தம் கொடுப்பார்.

"இல்ல. நேத்தே செத்தாச்சு. மாலைக்குச் சொல்லிட்டு வாரும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

பிறகு கேட் திறக்கும். இசக்கிமுத்து ஸ்டவ்வில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். எந்த ரெஜிமெண்டில் கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்பதில் தொடங்கும். எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

"ஒரு போன வாங்கித் தொலைப்பா. உன் ஒருத்தனுக்காக நான் தெனம் பெட்ரோல் ஊத்திக்கிட்டு வரணுமா?"

"உம்ம யாரு வரச்சொன்னா? வெத்தலை பாக்கு வச்சா அழைச்சேன்?"

"நாளைக்கு வரலைன்னா தெரியும்."

"வராண்டாம். சவம், டீத்தூளாவது மிச்சம்."

மறுநாள் காலையில் ஸ்டவ்வில் இரண்டு பேருக்கான தண்ணீர்தான் கொதிக்கும்.

கரண்டு கட் தொடங்கியிருந்த வருஷம் அது. காலாண்டுப் பரீட்சை லீவு, பள்ளிக்கூட வாசலில் வேலை இல்லை. இராத்திரி பெய்த மழையில் புறவாசலில் பாசி வழுக்கிக்கொண்டிருந்தது. விடியும் முன் பல் விளக்கப் போன அழகுமலை தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கால் வழுக்கி விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. எழ முயன்றார். வலி கண்ணை இருட்டியது. திரும்பவும் முயன்றார். பிறகு முயலவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தார். ஒட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி. துணி நெய்கிற மெஷின்கள் இரவு பகல் இல்லாமல் ஓடின. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. லைன் வீட்டில் மற்றவர்கள் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் முன்பக்கமாகப் போய்விட்டார்கள். வீட்டுக்கார அம்மா தெய்வாத்தாள் சொந்தக்காரர் வீட்டுச் சீர் ஒன்றுக்கு முதல் நாளே ஊருக்குப் போயிருந்தாள்.

அப்போதுதான் உள்ளே ஜன்னல் மேல் இருந்த செல்போன் அடித்தது. ஒரே மணி. மீரா சாகிப். கொஞ்சம் கழித்து இரண்டு மணி. அது திருப்பூர் ராயபுரத்து ஆள், அவருக்கு ஒரு மணியில் நம்பிக்கை கிடையாது. அடுத்து நீளமாக ஒன்று. கண் தெரியாமல் கட் பண்ணும் பட்டனைத் தேடுகிறவர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அடித்தார்கள். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று அடித்தார்கள். தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழகுமலை எல்லாவற்றையும் கேட்டார். யாராவது ஒருவன் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அடிக்கமாட்டானா என்று காத்திருந்தார். ஒருவனும் அடிக்கவில்லை. அவர் எடுக்காமல் இருப்பதுதானே வழக்கம். அதை எடுக்காதே எடுக்காதே என்று பழக்கியதும் அவர்தான். கடைசி மணியும் நின்ற பிறகு அழகுமலை அழுதார். வலிக்காக மட்டும் அழவில்லை.

சாயப்பட்டறையில் டீ ஆடை கட்டிவிட்டது. இசக்கிமுத்து அதைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். அதுவும் ஆறிப்போனது. வரமாட்டேன் என்று நேற்றுச் சொன்னது விளையாட்டு இல்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார். கோபம் வந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பான், சொல்லாமல் போயிருப்பான் என்று நினைத்தார். இன்னும் கோபம் வந்தது. வெயில் ஏறிய பிறகு கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினார். அவரிடம் வண்டி கிடையாது. நொய்யல் கரையோரம் செருப்புத் தேய நடந்தே வந்தார்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார். மெஷின் இரைச்சலில் தட்டுகிற சத்தம் அவருக்கே கேட்கவில்லை. வண்டி வாசலில்தான் நின்றது. உள்ளே தூங்குகிறான், வேண்டுமென்றே திறக்காமல் கிடக்கிறான் என்று முடிவு கட்டி, "ஒம்ம சங்காத்தமே வேண்டாம்வே" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்த நேரத்தில் கரண்டு போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் ஜெனரேட்டர் போட்டிருப்பான். இவன் ஜாப் ஒர்க் என்று கூலிக்கு நெய்து கொடுக்கிறவன், அவனுக்கு வசதியில்லை. தெருவே காது அடைத்தது மாதிரி ஆனது. அந்த அமைதியில் வீட்டுக்குப் பின்னாலிருந்து டிரம்மில் தண்ணீர் மொள்ளும் மக் இடிக்கிற சத்தம் கேட்டது. டங், டங். கொஞ்சம் நின்று, மறுபடியும் டங், டங்.

எப்படிப் புறவாசல் மதிலில் ஏறினார் என்று இசக்கிமுத்துக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை. வேட்டி கிழிந்து, முழங்கை சிராய்த்து உள்ளே குதித்தார். அழகுமலை உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார்.

"பேசாதேயும். டீ ரெண்டு தடவை ஆறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இசக்கிமுத்து தன் சட்டையைக் கழற்றி அவர் தலைக்கடியில் மடித்து வைத்தார். 

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றதும் சங்கமே வேன் பிடித்துப் போய் நின்றது. அறுபது தாண்டியவர்கள் ரத்தம் வேண்டாம் என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள். பாதி சங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அனுசுயா அவர்கள் எதிரில் நின்றாள். அவள் திருப்பூரில் வளர்ந்த பெண். அதிகம் பேசாதவள்.

"மாமா, அன்னைக்கு நீங்க எல்லாரும் எங்கப்பாவுக்குப் போன் பண்ணுனீங்களா?"

மீரா சாகிப், "பண்ணுனமுங்கம்மா. நான்தானுங்க மொதல்ல" என்றார்.

"அவரு கீழ கெடந்துட்டு அத்தனையும் கேட்டுட்டே இருந்திருக்காரு. ஏன் எடுக்கலைன்னு ஒருத்தருக்கும் தோணலீங்களா?"

"எடுக்கக் கூடாதுங்கறதுதானுங்கம்மா நம்ம ஏற்பாடு." சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதிலின் லட்சணம் அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் அவருகிட்ட ஆஜர் குடுத்தமுங்க. அவரு யாருகிட்டக் குடுப்பாருன்னு ஒருத்தரும் யோசிக்கலீங்க. தப்புத்தானுங்க."

தெய்வாத்தாளும் வந்திருந்தாள். "நான் ஊட்டுல இருந்திருந்தா இப்படி உட்ருப்பனா கண்ணு. அந்தச் சீருக்குப் போகாட்டி என்ன கெட்டுப்போச்சு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அனுசுயா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மீரா சாகிப் எழுந்து, தள்ளி நின்றிருந்த இசக்கிமுத்திடம் போனார். "நாயக், இனி அவரு உங்க கேட்டுக்கு வர முடியாதுங்க. உங்களுக்கு நானே ஒரு போன் வாங்கித் தர்றனுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க."

இசக்கிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன் இருந்தா ஆளு வரமாட்டாருல்லா" என்றார். "அதுக்குத்தான் அப்பவும் வாங்கல."

மீரா சாகிப் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அழகுமலை பெங்களூர் போக மறுத்தார். கட்டிலில் கிடந்தபடி மகளிடம் கெஞ்சினார். "நான் இங்கிட்டே இருந்துக்கிறேன் தாயி. சங்கத்து ஆளுக மாத்தி மாத்திப் பாத்துக்கிருவாக. அங்கிட்டு வந்து நான் என்ன பண்ண? அங்க யாருக்கு என்னயத் தெரியும்?"

"இங்க எல்லாருக்கும் தெரியும்ப்பா. தெரிஞ்சு என்ன ஆச்சு?"

அழகுமலை தோற்றுப்போனார். கட்டிலில் கிடந்தே எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார்: இனிமேல் காலையில் மீரா சாகிப்புக்கு மணி அடியுங்கள், எனக்கு வேண்டாம்.

ஊரை விட்டுப் போகும்போது காரைச் சாயப்பட்டறை வழியாக விடச் சொன்னார். கேட் முன்னால் டிரைவர் ஹார்ன் அடித்தார். உள்ளே ஸ்டவ் எரிகிற மண்ணெண்ணெய் வாடை வந்தது. அழகுமலை கண்ணாடியை இறக்கி, "இருக்கியாப்பா?" என்றார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார். கேட்டிடுக்கில் ஒரு நிழல் அசைந்த மாதிரி இருந்தது. திறக்கவில்லை.

"போகலாம்" என்றார் அழகுமலை. 

பெங்களூரில் நாலாவது மாடி. மருமகன் தங்கமானவர். சாப்பாட்டு மேஜைக்கு வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தார். மகள் வேலைக்குப் போகும் முன் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் வாயைத் திறக்கவே வழியில்லாமல் போனது. விடிகாலையில் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். செல்போனைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். தொடக்கத்தில் ஒன்றிரண்டு பேர் கைப்பழக்கத்தில் அவருக்கே அடித்தார்கள். பிறகு சரியாகிவிட்டார்கள். போன் அடிக்கவில்லை. பட்டாளத்தில் ரோல்காலில் பெயர் கூப்பிடாவிட்டால் அவன் செத்தவன், இல்லையென்றால் ஓடிப்போனவன். தான் இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மீரா சாகிப்பைக் கூப்பிட்டுப் பேசினார்.

"எல்லாம் ஒழுங்கா வருதா பாய்?"

"வருதுங்க. நான் இப்பத் திருப்பி ஒரு மணி அடிச்சுடறனுங்க. ரெண்டு பக்கமும் தெரியணுமில்லீங்களா."

"இசக்கிமுத்த யாரு பாக்குறா?"

 "ஆள் அனுப்பிப் பாத்தமுங்க. கேட்டத் தொறக்கறதில்லீங்க. உள்ளிருந்தே போங்கன்னு சத்தம் போடறாருங்க. தீவாளி வருது, நான் வேற சம்பந்தி ஊட்டுக்குப் போறனுங்க. என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

தீபாவளி என்ற சொல்லைக் கேட்டதும் அழகுமலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். முகம் திறக்காமல் வழியனுப்பிய கன்னையன் ஞாபகத்துக்கு வந்தார். அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் கொடுக்க ஊரில் ஒரு ஆள் மிச்சம் இருக்காது.

தீபாவளி அன்று விடியும் முன்பே கீழே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. மகள் எழுந்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அழகுமலை கட்டிலில் உட்கார்ந்து திருப்பூரை நினைத்துக்கொண்டிருந்தார். பூட்டிய கம்பெனிகள், ஆள் இல்லாத காதர்பேட்டை, ஓடாத மெஷின்கள். இன்று இசக்கிமுத்து விழுந்து கிடந்து டிரம்மில் இடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். கேட்க ஆள் இருக்காது.

செல்போன் அடித்தது.

தெரியாத நம்பர். திருப்பூர் நம்பர். ஒரு மணி அடித்தது, இரண்டு அடித்தது, மூன்றாவதும் அடித்தது. யாரோ கட் பண்ணத் தெரியாமல் வைத்திருக்கிறான். எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன கை தானாகப் போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கியது.

"யாரு?"

"எதுக்கு வே எடுத்தீரு?" என்றது இசக்கிமுத்துவின் குரல். "காசு போட்டு வச்சிருந்தேன், பெட்டி முழுங்கிட்டு. மிஸ்டு கால் அடிச்சா எடுக்கப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது நீருதானே."

அழகுமலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது.

"எங்கப்பா நிக்கிற?"

"டேசன்ல. இங்கதான் ஒரு ரூவாப் போன் பெட்டி தொறந்து கெடக்கு. ஊருல ஈ காக்கா இல்ல. நடந்தே வந்தேன்."

"என் நம்பரு?"

"பாய் கடையில போயி வாங்கினேன். அவரு ஊருக்குப் போறதுக்கு முன்ன." அந்தப் பக்கம் இன்னொரு அறிவிப்பு ஓடி முடிந்தது. "அன்னைக்குக் காரு வந்துச்சுல்லா. நான் உள்ளதான் இருந்தேன். தொறந்தா நீரு எறங்கமாட்டீரு, போயிருவீரு. அதப் பாக்கணுமான்னு இருந்துட்டேன்."

"தெரியும்ப்பா."

"சரி, காசுதான் போச்சு. கேட்டுருதேன். இருக்கீரா?"

அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அழகுமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணீர் மூக்கோரம் இறங்கி வாய்க்குள் போனது.

"இல்லப்பா" என்றார். "நேத்தே செத்தாச்சு. மாலைக்குச் சொல்லிட்டு வா."

அந்தப் பக்கம் இசக்கிமுத்து சிரித்தாரா, அழுதாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நேரம் முடியப்போகிறது என்று பெட்டி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

"வச்சிராதப்பா" என்றார் அழகுமலை.

"இரும், இரும்" என்றார் இசக்கிமுத்து. சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு பெட்டிக்குள் அடுத்த காசு விழுந்தது.